வால்ட்டர் வைட்டின் வழக்கறிஞர்கள்

பணி ஓய்வு பெற்ற பிறகுதான் தொலைக்காட்சித் தொடர்களைத் தொடர்ச்சியாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், 'அப்பா, இது உங்களைப் போன்ற ஓர் ஆசிரியரின் கதை, பாருங்கள்' என்று கூறி 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரைத் தொடங்கி வைத்தாள். மூன்று வாரங்களில் 62 அத்தியாயங்களையும் பார்த்து முடித்தேன். முடித்த அன்று இரவு உணவின்போது அவளுக்கும் எனக்கும் இடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. கதாநாயகர் செய்த ஒரு கொடுமைக்கு நான் அடுக்கடுக்காக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவள், 'நீங்கள் பார்வையாளராகப் பேசவில்லை அப்பா, அவருடைய வழக்கறிஞராகப் பேசுகிறீர்கள்' என்றாள்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. பின்னர் விசாரித்தபோது, அந்த வழக்கில் வாதாடியவன் நான் மட்டுமல்லன் என்று தெரிந்தது. உலகெங்கும் பல்லாயிரம் ரசிகர்கள் அதே கதாநாயகருக்காக ஊகங்களையும் கோட்பாடுகளையும் ஆண்டுக்கணக்கில் புனைந்து வந்திருக்கிறார்கள். ஒரு கற்பனைக் குற்றவாளியைக் காப்பாற்ற நாம் ஏன் இத்தனை முயற்சி எடுக்கிறோம் என்ற கேள்வி, பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. (தொடரை இனிமேல் பார்க்க எண்ணியிருப்போர், முடிவு வரையிலான செய்திகள் இக்கட்டுரையில் உள்ளன என்பதைக் கருத்தில் கொள்க.)

வின்ஸ் கில்லிகன் உருவாக்கிய இத்தொடர் 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பரில் நிறைவுற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் பள்ளி வேதியியல் ஆசிரியராகப் பணிபுரிபவர் வால்ட்டர் வைட். வயது 50. ஊதியம் போதாமல் மாலையில் கார் கழுவும் நிலையத்திலும் வேலை செய்கிறார். மனைவி ஸ்கைலர் கருவுற்றிருக்கிறார். மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். இந்நிலையில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. தமக்குப் பின் குடும்பம் தவிக்கக் கூடாது என்று கருதி, தம் பழைய மாணவன் ஜெஸ்ஸியைச் சேர்த்துக்கொண்டு மெத் என்னும் போதைப் பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறார். ஓர் நல்லாசிரியரை ஐந்து சீசன்களில் ஒரு கொடுங்குற்றவாளியாக மாற்றிக் காட்டுவதே தம் நோக்கம் என்று கில்லிகன் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். அதாவது, நாம் ஏமாற்றப்படவில்லை, முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தோம்.

ரசிகர்களின் ஊகங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றில் சில, நல்ல ஆய்வு மாணவரின் உழைப்புக்கு ஈடானவை. நான்காம் சீசனின் இறுதியில் ப்ராக் என்ற சிறுவன் நஞ்சூட்டப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். செய்தவர் யார்? போதைப் பொருள் வணிகர் கஸ் ஃப்ரிங்தான் என்று ஜெஸ்ஸியை நம்பவைக்கிறார் வால்ட்டர். 2011 அக்டோபரில் அந்த அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வார இடைவெளி இருந்தது. அந்த ஒரு வாரத்தில் சில ரசிகர்கள் ஒரு சிறு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தனர். வீட்டின் பின்புறம் அமர்ந்து மேசைமேல் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார் வால்ட்டர். இரண்டு முறை அதன் முனை அவரையே காட்டுகிறது. மூன்றாம் முறை, அருகிலிருந்த ஒரு தொட்டிச் செடியைக் காட்டுகிறது. நஞ்சு அந்தச் செடியிலிருந்துதான் வந்தது, நஞ்சிட்டவர் வால்ட்டர்தான் என்று அவர்கள் முடிவுக்கு வந்தனர். அடுத்த அத்தியாயத்தின் கடைசிக் காட்சி அதை உறுதிசெய்தது.

இது நேர்மையான ஊகம். தாம் விரும்பும் கதாநாயகருக்கு எதிராகச் சான்று சென்றபோதும், சான்று சென்ற வழியே சென்றவர்கள் அவர்கள். அதே வாரத்தில் மற்றொரு கூட்டம், 'அவர் ஒருபோதும் ஒரு குழந்தைக்கு அப்படிச் செய்யமாட்டார்' என்று வாதிட்டது. அதற்கு முன்னரே அவர் செய்திருந்தவற்றைப் பார்க்கும்போது, அந்த நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. அது முடிவை முதலில் எழுதிவிட்டுச் சான்றைப் பின்னர் தேடும் முறை. பொருளியல் ஆய்வேடுகளை 30 ஆண்டுகளுக்கு மேல் திருத்தியவன் என்ற முறையில் அம்முறையை நான் நன்கறிவேன்.

மற்றோர் ஊகமும் சுவையானது. தாம் கொன்ற ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பழக்கத்தை வால்ட்டர் எடுத்துக்கொள்கிறார் என்பது அது. முதல் சீசனில் அவர் கொன்ற கிரேசி-8 என்பவன் ரொட்டியின் ஓரங்களை வெட்டிவிட்டு உண்பவன். பின்னாளில் வால்ட்டரும் அப்படியே உண்கிறார். வாந்தியெடுக்கும்போது முழங்காலுக்கடியில் துண்டை மடித்து வைக்கும் கஸ்ஸின் நேர்த்தியும் அவரிடம் வந்து சேர்கிறது. இந்த ஊகம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை. கொலை என்பது கொலையாளியையும் மாற்றிவிடுகிறது என்பதை நமக்கு உணர்த்துகிறது.

இவற்றுக்கு மாறானது கனவுக் கோட்பாடு. கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்தில், நியூ ஹாம்ப்ஷயரில் பனி மூடிய ஒரு காருக்குள் ஒளிந்திருக்கிறார் வால்ட்டர். காவல் துறையினர் நெருங்கி, பின்னர் விலகிச் செல்கின்றனர். அதன்பின் அவர் நினைத்த ஒவ்வொன்றும் நினைத்தபடியே நடக்கிறது. மகனுக்குப் பணம் சேர வழி செய்கிறார், மனைவியிடம் விடைபெறுகிறார், பகைவர்களை அழிக்கிறார், ஜெஸ்ஸியை விடுவிக்கிறார். இத்தனையும் அந்தக் காரிலேயே உறைந்து இறந்த ஒருவரின் இறுதிக் கனவு என்று சிலர் கருதினர். நகைச்சுவைக் கலைஞர் நார்ம் மெக்டொனால்டும் 'நியூ யார்க்கர்' இதழின் விமர்சகர் எமிலி நஸ்ஸ்பாமும் இதைப் பேசியவர்களுள் அடங்குவர். தப்பிச்செல்லும் ஜெஸ்ஸியிடமிருந்து தொடங்கும் 'எல் கமினோ' திரைப்படம் 2019-இல் வெளிவந்தபோது இக்கோட்பாடு நிலைகுலைந்தது. எனினும் அதன் உள்நோக்கத்தை நான் மதிக்கிறேன். இவ்வளவு செய்த ஒருவருக்கு இவ்வளவு நேர்த்தியான முடிவு தகுமா என்ற அறச்சங்கடம்தான் அந்தக் கோட்பாட்டைப் பிறப்பித்தது.

இனி என் துறை சார்ந்து, வால்ட்டரின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 'குடும்பத்துக்காக' என்பதே அவருடைய வாதம். இரண்டாம் சீசனின் முதல் அத்தியாயத்தில், தேவையான தொகையை அவரே மனக்கணக்காகக் கூட்டிச் சொல்கிறார். இரு குழந்தைகளின் கல்லூரிப் படிப்புக்கு 3,60,000 டாலர், வீட்டின் மீதான கடன்களுக்கு 1,37,000 டாலர், பத்தாண்டு குடும்பச் செலவுக்கு 2,40,000 டாலர். மொத்தம் 7,37,000 டாலர். இன்னும் 11 முறை விற்றால் போதும் என்கிறார். கணக்கில் பிழையில்லை.

ஆனால் ஒரு முடிவின் உண்மையான விலை, அதற்காக நாம் கைவிட்ட மாற்று வழியின் மதிப்பே என்பது பொருளியலின் முதல் பாடம். வாய்ப்புச் செலவு என்று அதை வகுப்பில் சொல்லித் தருவோம். வால்ட்டர் கைவிட்ட மாற்று வழி என்ன? இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பே, முதல் சீசனில், அவருடைய பழைய கூட்டாளி எலியட் தம் நிறுவனத்தில் அவருக்கு வேலை தர முன்வருகிறார். அதில் மருத்துவக் காப்பீடும் உண்டு. எலியட்டின் மனைவி கிரெச்சன், சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்பதாகக் கூறுகிறார். வால்ட்டர் இரண்டையும் மறுத்துவிட்டு, மெத் தயாரிக்கத் திரும்பிச் செல்கிறார். சட்டத்துக்கு உட்பட்ட, யாருக்கும் தீங்கில்லாத ஒரு வழி கையெட்டும் தொலைவில் இருந்தது. அதற்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த விலை, தம் செருக்கு மட்டுமே.

ஐந்தாம் சீசனில் உண்மை இன்னும் தெளிவாகிறது. கையிருப்பிலுள்ள மூலப்பொருளை விற்றுவிட்டால் ஆளுக்கு 50 லட்சம் டாலர் கிடைக்கும், விலகிவிடலாம் என்கிறான் ஜெஸ்ஸி. முதலில் கணக்கிட்ட தேவையைப் போல் அது ஏறத்தாழ ஏழு மடங்கு. வால்ட்டர் மறுக்கிறார். தாம் தொடங்க உதவிய நிறுவனத்தின் பங்கை முன்பு 5,000 டாலருக்கு விற்றதையும், இன்று அதன் மதிப்பு 216 கோடி டாலர் என்பதையும், அந்த மதிப்பை வாரந்தோறும் தாம் பார்த்து வருவதையும் அப்போதுதான் சொல்கிறார். பின்னர் அவர் சேர்த்து வைத்தது 8 கோடி டாலர். அதைச் செலவழிக்கக்கூட வழி தெரியவில்லை. ஆக, குடும்பத்தின் தேவை அவர் பட்ட காயத்துக்கு ஒரு பெயர்ப்பலகையாகவே இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கு முழுவதும் திரையிலேயே இருக்கிறது, மறைக்கப்படவில்லை. அப்படியிருந்தும் நான் ஏன் அவருக்காக வாதாடினேன்?

ஆடம் ஸ்மித்தை 'நாடுகளின் செல்வம்' எழுதியவராகவே பலரும் அறிவர். அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1759-இல், அறவுணர்வுகள் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். பாரபட்சமற்ற ஒரு பார்வையாளர் நம் செயலைக் கண்டால் எப்படி மதிப்பிடுவார் என்று எண்ணிப் பார்த்தே நம் நடத்தையை நாம் அளக்க வேண்டும் என்பது அந்நூலின் மையக் கருத்து. அப்படியானால், தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் நாமே மிகச் சிறந்த பாரபட்சமற்ற பார்வையாளராக இருக்க வேண்டும். வால்ட்டர் நம் உறவினர் அல்லர். அவரால் நமக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆயினும் நாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

இதற்கு முதற்காரணம், கதை அவர் தோளருகே நின்று சொல்லப்படுவது. ஸ்மித்தே அந்நூலில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். சீன தேசம் முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்தது என்று கேள்விப்படும் ஐரோப்பியர் ஒருவர், வருந்திவிட்டு நிம்மதியாக உறங்கிவிடுவார். நாளை தம் சுண்டுவிரலை இழக்கப்போகிறார் என்றால் அவருக்கு உறக்கம் வராது. இத்தொடரில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன், போதையில் மயங்கிக் கிடக்கையில் வாந்தியெடுத்து மூச்சுத் திணறுகிறாள். அருகில் நிற்கும் வால்ட்டர் அவளைத் திருப்பிப் படுக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பாள். அவர் செய்யவில்லை, நின்று பார்க்கிறார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரான அவளுடைய தந்தை, துயரத்தோடு பணிக்குத் திரும்புகிறார். அவருடைய கவனம் பிசகியதில் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 167 பேர் இறக்கின்றனர். அந்த 167 பேரில் ஒருவருடைய முகமும் நமக்கு நினைவில்லை. வால்ட்டரின் கண்ணீரே நினைவிருக்கிறது.

பள்ளியில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் வால்ட்டர் பேசுவது இன்னும் கவனிக்கத்தக்கது. மோசமான விமான விபத்துகளின் வரிசையில் இது 50-ஆவது இடத்தில்தான் இருக்கிறது என்று மாணவர்களுக்கு ஆறுதல் கூறுகிறார். புள்ளிவிவரம் தெரிந்தவர் தம் குற்றத்தைச் சிறிதாக்கிக்கொள்ளும் முறை இது. என் மகளோடு நான் வாதிட்டதும் இதே நிகழ்வைப் பற்றித்தான். 'அவர் கொல்லவில்லையே, காப்பாற்றாமல் விட்டார், அவ்வளவுதானே' என்றேன். 'அவ்வளவுதானே' என்ற சொல்லைச் சொன்னபோதே எனக்குச் சற்றுக் கூசியது.

இரண்டாம் காரணத்தைப் பொருளியலில் மூழ்கிய செலவு என்போம். வகுப்பில் இதற்கு ஆழ்துளைக் கிணற்றைச் சொல்வேன். 400 அடி தோண்டியும் நீரில்லை. இனித் தோண்டுவது வீண் என்று வல்லுநர் சொல்கிறார். ஆனால் விவசாயி, 'இவ்வளவு செலவு செய்துவிட்டேனே' என்று மேலும் 100 அடி தோண்டுகிறார். போன பணம் திரும்பாது. ஆனால் அதை இழப்பு என்று எழுதிவைக்க மனம் ஒப்புவதில்லை. வால்ட்டர் மீது நாம் வைத்த பரிவும் அத்தகையது. முதல் சீசனில், இருமிக்கொண்டே கார் சக்கரத்தைத் துடைக்கும் ஆசிரியர் மீது நாம் வைத்த இரக்கத்துக்கு முழுத் தகுதி இருந்தது. நான்காம் சீசனில் அந்தத் தகுதி இல்லை. ஆனால் அத்தனை மணி நேரம் முதலீடு செய்துவிட்டோம். அந்தக் கணக்கை மூட மறுக்கும் மனம், கணக்கை நேராக்கப் புதிய ஊகங்களைக் கேட்கிறது.

அப்படிக் கணக்கை நேராக்குவதன் செலவை வேறு யாரோ ஏற்க வேண்டியிருக்கிறது. இத்தொடரில் அதைப் பெரிதும் ஏற்றவர் ஸ்கைலர். கணவரின் பொய்களைக் கண்டுபிடிப்பவர், குழந்தைகளுக்காக அஞ்சுபவர், ஒரு கட்டத்தில் தாமும் குற்றத்துக்குத் துணைபோகிறவர். நிறைகுறைகள் உள்ள மனுஷி. கொலை செய்தவரை மன்னித்த ரசிகர்கள், அவரைத் தடுக்க முயன்ற மனைவியை மன்னிக்கவில்லை. அந்த வெறுப்பு பாத்திரத்தோடு நில்லாமல் நடிகை அன்னா கன்னையும் தாக்கியது. 2013 ஆகஸ்டில் அவர் 'நியூ யார்க் டைம்ஸ்' நாளிதழில் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணவருக்கு அடங்கிப்போகாத மனைவியைப் பலரால் ஏற்க முடியவில்லை என்பதை அந்த வெறுப்பு காட்டுகிறது என்பது அதன் சாரம். தொடரைப் பார்த்தபோது ஸ்கைலர் திரையில் வந்தாலே எனக்கும் ஓர் எரிச்சல் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் சீசனில் வரும் ஒரு தொலைபேசி உரையாடல் இந்தச் சிக்கலைக் கூர்மையாக்குகிறது. வால்ட்டரின் சகலையும் போதைத் தடுப்பு அதிகாரியுமான ஹாங்க் கொல்லப்பட்டுவிட்டார். காவலர்கள் கேட்டுக்கொண்டிருப்பதை அறிந்தே மனைவியை அழைக்கிறார் வால்ட்டர்; கடுமையாக ஏசுகிறார். எல்லாப் பழியையும் தம்மேல் போட்டுக்கொண்டு அவரைச் சட்டத்திலிருந்து காப்பாற்றவே அப்படிப் பேசினார் என்பது ஒரு வாசிப்பு. காட்சியில் அதற்குச் சான்றும் உண்டு. ஆனால் அந்த வசைகளை, ஸ்கைலருக்குக் கிடைத்த சரியான பாடம் என்று கொண்டாடிய ரசிகர்களும் இருந்தனர். நடிப்புக்காகப் பேசப்பட்ட வசை, தம் மனத்தில் இருந்ததோடு பொருந்திப்போனதை அவர்கள் கவனிக்கவில்லை. அந்த ஏச்சில் நடிப்பு எவ்வளவு, உண்மைச் சினம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

கற்பனைக் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எனக்கு ஒரு காரணம் உண்டு. கால் நூற்றாண்டுக்கு முன், நான் பணியாற்றிய கல்லூரியில், அகமதிப்பீட்டு மதிப்பெண் பதிவேட்டில் சில எண்கள் மாற்றப்பட்டிருந்தன. விசாரித்த மூவர் குழுவில் நானும் ஒருவன். ஐயம், என் நண்பரான ஒரு பேராசிரியர் மீதும் அலுவலக எழுத்தர் ஒருவர் மீதும் விழுந்தது. நண்பர் மிகச் சிறந்த ஆசிரியர். மகளின் திருமணத்துக்காகக் கடன்பட்டிருந்தவர். மூன்று அமர்வுகளிலும் நான் ஊகங்களை அடுக்கினேன். படியெடுக்கும்போது பிழை நேர்ந்திருக்கலாம். பதிவேடு வேறு கைகளுக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர் இப்படிச் செய்வாரா? ஒவ்வோர் ஊகமும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதுதான். தவறு எங்கு நேர்ந்தது என்று உறுதிசெய்ய இயலவில்லை என்று அறிக்கை எழுதினோம். எழுத்தர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது.

பல ஆண்டுகளுக்குப் பின், ஓய்வுபெற்ற நாளன்று, தாம்தான் செய்ததாக நண்பர் என்னிடம் சொன்னார். எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வியப்பு ஏற்படாததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அப்படியானால் எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த எழுத்தரை நான் தேடிப் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஸ்கைலரிடம் விடைபெற வருகிறார் வால்ட்டர். மறுபடியும் 'குடும்பத்துக்காக' என்ற பழைய பாட்டைப் பாடப்போகிறார் என்று எண்ணி ஸ்கைலர் சலித்துக்கொள்கிறார். ஆனால் இம்முறை அவர், தமக்காகவே செய்ததாகவும், அது தமக்குப் பிடித்திருந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். ஐந்து சீசன்களாக நாம் அவருக்காகத் தொகுத்து வைத்திருந்த வழக்குக் கட்டை, கட்சிக்காரரே வாங்கிக் கிழித்துப் போடுகிறார். அமெரிக்காவில் அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் எத்தனை பேர் அதன்பின்னும் வாதத்தைத் தொடர்ந்தனரோ, அவர்களில் ஒருவனாகவே, சில ஆண்டுகள் தாமதமாக, நானும் உணவு மேசையில் அமர்ந்திருந்தேன்.

ஊகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊகிக்காமல் அறிவு வளராது. ஆனால் அன்புக்குரிய ஒருவருக்காக, அவர் கதாபாத்திரமோ நண்பரோ நாம் மதிக்கும் தலைவரோ, ஒரு விளக்கம் நம் மனத்தில் தோன்றும்போது, அந்த விளக்கத்தை ஏற்றால் அதற்கான விலையை யார் கொடுக்கப்போகிறார் என்ற கேள்வியையும் உடன் கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அங்கே ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். கதையில் அவருக்கு இரண்டே காட்சிகள் இருந்திருக்கும்.

என் மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அந்த எழுத்தர் ஓய்வுபெற்று எந்த ஊரில் இருக்கிறார் என்று சென்ற வாரம்தான் பழைய அலுவலக நண்பர் ஒருவரிடம் விசாரித்திருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).